பள்ளியை விடுவதும் படிப்பை விடுவதும்

"இனிமே இஸ்கோலுக்குப் போவமாட்டேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் இரண்டு பதில்தான். ஒன்று அடி. இன்னொன்று கெஞ்சல்: "நாங்க பட்ட பாட்ட நீயும் படணுமா? பல்லக் கடிச்சிக்கினு படிச்சிடு." அங்கே உனக்கு என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அடியைவிட அந்தக் கெஞ்சல்தான் எனக்குப் பெரிய கேள்வியாக இருக்கிறது. ஒரு சமூகம் தலைநிமிர வேண்டும் என்பதற்காக, பதினைந்து வயதுப் பிள்ளை தினமும் அவமானத்தைத் தாங்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் மலை சுற்றுகிற ஊர் எங்கள் திருவண்ணாமலை. இதே மாவட்டத்தில் தென்முடியனூர் தலித்துகள் தங்கள் ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலடி வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் போலீஸ் காவலோடு. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இப்படிக் கோடு கிழித்து வைத்திருக்கும்போது, அந்தக் கோடு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுமா? பிள்ளைகளின் புத்தகப் பையோடு அதுவும் வகுப்புக்குள் வருகிறது.

பத்தாவது படிக்கும் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "யாரும் அடிக்கலக்கா. நான் டிபன் பாக்ஸத் தொறந்தா மட்டும் மூக்கப் புடிச்சிக்கிறாங்க. ராத்திரி தூக்கம் வரல. காலையில எழுந்தா வயித்த வலிக்குது. நின்னுட்டா கோழைன்னு சொல்வாங்களா?" அவள் அம்மா, "நீ படிச்சாதான் நம்ம தலமொறையே நிமிரும்" என்கிறாள். அம்மா சொல்வதில் பொய்யில்லை. ஆனால் ஒரு தலைமுறையின் பாரத்தைச் சுமக்கிற வயிறு வலிக்கத்தானே செய்யும்?

இது இன்று நேற்று வந்த வலியல்ல. இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றித் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்ற பிள்ளைகளோடு விளையாடாமல், பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து வாசித்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் அவர். மேடையில் நாம் வட்டமேசையைப் பேசுகிறோம், மணி அடிக்கும் வரை வெளியே இருந்த பையனைப் பேசுவதில்லை. அவர் தாங்கினார், அதனால் எல்லாரும் தாங்கலாம் என்பது நியாயமாகாது. தாங்க முடியாமல் போனவர்கள் சுயசரிதை எழுதவில்லை.

நாங்குநேரியை எடுத்துக்கொள்வோம். வள்ளியூர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன், சக மாணவர்களின் சாதித் தொல்லை பொறுக்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. நடந்ததைச் சொன்னான். சொன்ன குற்றத்துக்காக 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. 2024இல் அவன் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 வாங்கினான். நாடே பாராட்டியது. மதிப்பெண்ணைப் பாராட்டிய நாம், அவன் பள்ளிக்குப் போகாமல் நின்ற நாட்களை எப்படிப் பார்க்கிறோம்? அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தன் உயிருக்கு என்ன வரப்போகிறது என்பது பெரியவர்களைவிட அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"அப்படின்னா எல்லாப் பிள்ளையும் நின்னுடட்டுமா? பெஞ்சு காலியானா சாதிக்காரனுக்குத்தானே கொண்டாட்டம்?" என்று தோழர்கள் கேட்பார்கள். உண்மைதான். நின்றுவிட்ட பையனுக்கு பெங்களூர் கட்டட வேலை காத்திருக்கிறது, பெண்ணுக்குக் கல்யாணம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு கையை உதறிக்கொள்கிறது. அதற்குமேல் நின்றுபோன பிள்ளையைத் தேடி வர வேண்டிய கட்டாயம் அந்தச் சட்டத்தில் யாருக்கும் இல்லை.

ஆகவே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளியை விடுவது வேறு, படிப்பை விடுவது வேறு. வேறு பள்ளிக்கு மாறலாம். விடுதியில் சேரலாம். ஒரு வருஷம் ஓய்ந்திருந்துவிட்டுத் தனித்தேர்வராகத் தேர்வு எழுதலாம். தூக்கமில்லாத ராத்திரியில் எடுக்கிற முடிவைக் கடைசி முடிவாக்க வேண்டாம். முதலில் அந்தத் தூக்கத்துக்கு வழி பார்க்க வேண்டும். "பைத்தியம்னு சொல்லிடுவாங்க" என்று பயப்படாமல் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், 14416க்குப் போன் செய்யலாம். அது காய்ச்சலுக்கு ஊசி போடுவது மாதிரிதான்.

இன்னொன்று, போராடுவது யார் வேலை என்பது. நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும், சாதி காட்டும் கைக்கயிறுகளைத் தடுக்கவும் 2024இல் பரிந்துரைத்தது. அதையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவரப் போராட வேண்டியவர்கள் ஓட்டுப் போடுகிற, சங்கம் கட்டுகிற பெரியவர்கள். பிள்ளையைச் சிப்பாயாக முன்னால் நிறுத்திவிட்டு நாம் பின்னால் நின்று "கற்பி, ஒன்றுசேர்" என்று கோஷம் போடுவது அறம் அல்ல.

முடிவைப் பிள்ளையே எடுக்கட்டும். ஆனால் தனியாக எடுக்க விடக்கூடாது. அவள் அங்கேயே படிப்பேன் என்றால், தலைமையாசிரியர் அறைக்குப் போய் நியாயம் கேட்க வேண்டியது நாம். வேண்டாம் என்றால், மாற்றுச் சான்றிதழ் வாங்கி அடுத்த பள்ளிக் கதவைத் தட்ட வேண்டியதும் நாம்தான்.