நோயுற்றாரைப் பேணுதல்



சித்தூருக்கு மேற்கே, பலமநேர் செல்லும் பெருவழியில் உள்ளது பங்காருபாளையம். அங்கு வாழும் நம் உபாசகர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய மகனுக்கு வயது பதினாறு. வயிற்றுப்போக்குக் கண்டு தீர்ந்த பத்தாம் நாள், காலையில் எழுந்தவன் கால் ஊன்றமாட்டாமல் விழுந்தான். மறுநாள் கைகளும் தளர்ந்தன. மூன்றாம் நாள் மூச்சுத் திணறிற்று. வேலூருக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். மூன்று மாதங்களுக்குப் பின் வீடு திரும்பிய அப்பிள்ளை நம்மை நோக்கிக் கேட்ட முதற் கேள்வி இது: "ஐயா, போன பிறவியில் நான் என்ன பாவம் செய்தேன்?"

இக்கேள்வியை அவன் மனத்தில் விதைத்தவர் அயலார் மட்டுமல்லர். நம்மவரிலேயே சிலர், ஆறுதல் கூறுவதாக எண்ணி, "கன்மபலன், அனுபவித்தே தீரவேண்டும்" என்று கட்டிலருகே நின்று சொல்லியிருக்கின்றனர். நம் முன்னோரைச் சேரிக்குள் நிறுத்தி வைத்தவர்கள் கையாண்ட சொல்லும் இதுவே அன்றோ? அதை உதறி எழுந்து திரிசரணம் புகுந்த நாம், ஒரு சிறுவனின் தலைமாட்டில் மீண்டும் அதையே ஓதலாமா?

பகவானிடம் மோளிய சீவகன் என்னும் பரிவிராஜகன் இதையே வினவினான். மனிதர் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனே என்பார் கூற்று மெய்தானா என்றான். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், முறைகேடான பழக்கம், பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவான் எண்ணிக் காட்டினார். எல்லாம் முன்வினையே என்போர் தாமே கண்டறியக் கூடியதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்றார். சங்யுத்த நிகாயத்தில் இது உள்ளது. எட்டில் ஒன்றே வினை என்பதை நினைவில் வையுங்கள்.

பிள்ளைக்கு வந்த நோய்க்கு கில்லன்-பாரே நோய் என்று வைத்தியர் பெயர் கூறினர். 1916இல் பிரெஞ்சு நாட்டு வைத்தியர் மூவர் இதனை விவரித்து எழுதினர். உட்புகுந்த கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காப்புச் சக்தி, தவறுதலாகத் தன் நரம்புகளையே பகையென்று தாக்குகிறது. 2025 ஜனவரியில் புனே நகரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இவ்வாறு வீழ்ந்தனர். அசுத்த நீரின் மீது ஐயம் எழுந்தது. அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே காலத்தில் பழிக்கப்பட வேண்டியவர் ஆனார்களோ!

கால்களில் தொடங்கிய தளர்ச்சி மேலேறினால் அன்றே மருத்துவமனை சேர வேண்டும். மந்திரிப்பவனிடம் கழிக்கும் ஓர் இரவு மூச்சைப் பறித்துவிடலாம். இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை ஏற்றுவதோ, இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவதோ முதல் இரு வாரங்களுக்குள் நன்கு பயன் தரும். பெரும்பாலோர் ஆறு மாதங்களில் நடக்கின்றனர். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். சிலரிடம் தளர்ச்சி ஓரளவு தங்கிவிடுவதும் உண்டு. இதை மறைத்துப் பிள்ளைக்குப் பொய் வாக்குக் கொடுத்தல் ஆகாது.

இனி வீட்டாரின் கடமை. வயிற்று நோயால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவான் கண்டார். பிறர் எவரும் அவரைக் கவனிக்கவில்லை. ஆனந்தர் நீர் கொண்டுவர, பகவான் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பின் ஒருவர் தலைப்புறமும் ஒருவர் கால்புறமும் பற்றித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயுற்றாருக்குப் பணிசெய்க என்று அப்போதே சங்கத்தாருக்கு உரைத்தார். அதனோடு, நோயாளியைப் பேணுவோன் ஏற்றது இன்னது, ஏலாதது இன்னது என அறிந்திருக்க வேண்டும் என்றும், மலசலத்திற்கு அருவருக்கலாகாது என்றும் விதித்தார்.

அவ்வீட்டுத் தாயிடம் அருவருப்பு அணுவளவும் இல்லை. இரவெல்லாம் விழித்துப் பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் ஒரு புண் வராமல் காத்தவர் அவர். ஆனால் மகன் கை கரண்டியைப் பிடிக்கத் தொடங்கிய பின்னும் அவரே ஊட்டி வந்தார். பாதி சோறு சிந்தட்டும், அவனே உண்ணட்டும் என்றோம். அவருக்குக் கண் கலங்கியது. தந்தையோ நேர்மாறு. விரைவில் நடக்க வேண்டுமென்று நாளெல்லாம் பயிற்சி செய்வித்து அவனைச் சோரவைத்தார். நரம்பு வலி கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை வலிக்கிறது என்றால் அது வலிதான்.

நோயாளிக்கும் பகவான் கடமை விதித்துள்ளார். நோய் கூடினால் கூடிற்று, குறைந்தால் குறைந்தது என்று உள்ளபடி சொல்ல வேண்டும். தாய் வருந்துவாளென்று இவன் வலியை மறைத்து வந்திருக்கிறான். இனி மறைப்பதில்லை என்றான்.

வேலூரில் மேரி வர்கீஸ் என்னும் மருத்துவர் இருந்தார். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத்தை நிறுவினார். அவர் கிறிஸ்தவர். ஆயினும் அவர் கதையைப் பிள்ளைக்குச் சொன்னோம். இருமுறை கேட்டான்.

மாங்காய்க் காலம் தொடங்கியதால் தந்தை மண்டிக்கு மூட்டை தூக்கப் போகிறார். பகலில் பிள்ளையைத் தாங்கி நிறுத்த முறை வைத்து இருவர் வேண்டும். இயன்றவர் பெயர் கொடுங்கள். வரும் பௌர்ணமி வந்தனை அவ்வீட்டுத் திண்ணையில் நடைபெறும். பஞ்சசீலத்தை முன்மொழிய அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான்.