கெட்டவனோடு கூட்டு

யோக்கியன் அல்லன் என்று நன்றாகத் தெரிந்த ஒருவனோடு, ஒரு நல்ல காரியத்தை முன்னிட்டுக் கூட்டுச் சேரலாமா? வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கூடவே கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் வேறு வழி தோன்றாத காலங்களும் உண்டு. ஒருவன் நம் கழுத்தில் காலை வைத்து மிதித்துக்கொண்டிருக்கும்போது, அவனுடைய எதிரி வந்து கைகொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? எதிரிக்கு எதிரி நண்பன் என்ற பேச்சும் துணைக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நம் முன்னோர் இந்த மலாயா மண்ணிலேயே பார்த்துவிட்டார்கள். 1942 ஜனவரியில் ஜொகூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தது. வெள்ளைக்காரனிடமிருந்து இந்தியாவை மீட்கத் துடித்தவர்களுக்குத் துணை செய்வதாக ஜப்பான் சொல்லிற்று. சீனாவில் ஜப்பானியர் செய்த அக்கிரமம் உலகறிந்தது. கொரியாவை அவர்கள் 1910 முதல் அடிமைப்படுத்தி வைத்திருந்ததும் இரகசியமல்ல. ஆக, தெரிந்துதான் கூட்டுச் சேர்ந்தார்கள்.

முதல் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்த கேப்டன் மோகன்சிங் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டார். இந்தியாவின் சுதந்திரத்தை மதிப்போம் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள் என்றார். 1942 ஜூனில் பாங்காக்கில் கூடிய மாநாடும் அதையே கேட்டது. டோக்கியோவிலிருந்து தெளிவான பதில் வரவில்லை. ஆண்டு முடிவதற்குள் மோகன்சிங் சிறைப்பட்டார். அவருடைய உத்தரவுப்படி படையும் கலைந்தது. எழுத்து இல்லாத கூட்டில் இருக்கமாட்டேன் என்று விலகினார் அவர்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கூட்டாளியின் குணம் அவருக்கும் தெரியாததல்ல. ஆகவே தனிச் சர்க்கார், தனிக் கொடி, நம்மவர் கொடுத்த பணத்தில் தனிக் கஜானா என்று ஏற்பாடு செய்தார். அக்டோபர் 21ஆம் தேதி ஆஸாத் ஹிந்த் சர்க்கார் பிரகடனமாயிற்று. தமிழ் முஸ்லிமான கரீம் கனி அதன் ஆலோசகர்களுள் ஒருவர். தோட்டத்துத் தமிழர்கள் ஆணும் பெண்ணுமாகப் படையில் சேர்ந்தார்கள். அவர்களுடைய தியாகத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் கூட்டாளி மாறினானா? அவ்வாண்டு டிசம்பரில் அந்தமானில் நேதாஜி கொடியேற்றினார். தீவுகள் நமக்கு வந்துவிட்டன என்று ஜனங்கள் மகிழ்ந்தார்கள். நிர்வாகத்துக்குச் சென்ற லோகநாதன் கைக்குக் கல்வி இலாகாவுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. போலீஸ் ஜப்பானியரிடமே இருந்தது. கொடியேறிய அதே ஊரின் சிறையில், இந்திய சுதந்திரச் சங்கத்தில் முன்னின்ற டாக்டர் திவான்சிங் சித்திரவதைப்பட்டுக் கிடந்தார். அடுத்த மாதமே உயிர் நீத்தார். 1944 ஜனவரி 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆஸாத் ஹிந்த் சர்க்கார் பிரகடனமான அதே அக்டோபரில்தான் சயாம் மரண ரயில் பாதையும் முடிந்தது. 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டவர்களை அதற்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதியிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அங்கே இறந்த போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் ஒன்றுகூட இல்லை.

பாதை வேலை நேதாஜி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்தப் பழியை அவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. சங்கத்தின் அடையாளம் பல இந்தியர்களுக்கு ஜப்பானியரிடமிருந்து ஒரு காப்பாக இருந்தது என்பதும் மெய்யே. எனினும் ஒரு பாடம் நிற்கிறது. உடன்படிக்கை மேஜையில் உட்கார்ந்தவர்கள் ஒரு சாரார். அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறொரு சாரார். கெட்டவனோடு கூட்டுச் சேருகிறவன் தன் லாப நஷ்டத்தைக் கணக்குப் பார்ப்பான். மேஜைக்கு வராதவனின் நஷ்டத்தை யார் பேரேட்டில் எழுதுவது?

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷிகளோடு உடன்படிக்கை செய்தார்கள். நிபந்தனைகள் சஹாபாக்களுக்கே கசந்தன. ஆயினும் கொடுத்த வாக்கைக் காத்தார்கள். பிறகு குறைஷிகளின் ஆதரவோடு பனூ பக்ர் கூட்டத்தார், முஸ்லிம்களின் நேசக் கூட்டத்தாரான குஸாஆக்களைத் தாக்கினார்கள். அடி நம்மேல் விழவில்லையே என்று நாயகம் அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. நம்மை நம்பியவன்மேல் விழுந்த அடியால் உடன்படிக்கை முறிந்தது என்றே கொண்டார்கள்.

நம் தொழிலுக்கு வருவோம். சாப்பாட்டுக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் ஆள் கிடைப்பது இன்று கஷ்டம். ஊரிலிருந்து ஆள் கொண்டுவரும் ஏஜெண்டு பொல்லாதவன் என்று தெரிந்தும் அவனிடமே போகிறோம். நமக்கு ஆள் கிடைக்கிறது, அவனுக்குக் கமிஷன் கிடைக்கிறது, இருவருக்கும் நஷ்டமில்லை. தாயின் நகையை அடகு வைத்து விமானம் ஏறிய பையன்தான் இரண்டு வருஷம் அந்தக் கடனுக்கு உழைக்கிறான். அவனுடைய பாஸ்போர்ட்டு வேறொருவன் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. அப்படி வைத்திருப்பது இந்நாட்டுச் சட்டப்படியும் குற்றம்.

ஆகவே சகோதரர்களே, கெட்டவனோடு கூட்டு அவசியமாகும் நாள் வந்தால் மூன்று காரியங்களைப் பாருங்கள். சொன்னதை எழுத்தில் தருகிறானா? வேண்டாம் என்று எழுந்துபோக நமக்கு வழி இருக்கிறதா? இந்தக் கூட்டின் விலையைக் கொடுக்கப்போகிறவன் யார். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? முதல் இரண்டையும் கெட்டிக்கார வியாபாரி யாரும் பார்ப்பான். மூன்றாவதைப் பார்ப்பதற்குத்தான் ஈமான் வேண்டும்.