முதுகின் ஹக்கு



குதிரை வைத்திருப்போர் மூவகையினர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டிய ஹதீஸ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒருவருக்குக் குதிரை நன்மை. ஒருவருக்கு அது திரை. இன்னொருவருக்கு அது பாவச்சுமை. அல்லாஹ்வின் பாதையில் குதிரையைக் கட்டி வைத்தவர் முதலாமவர். பெருமைக்காகவும் பகைமைக்காகவும் வளர்த்தவர் மூன்றாமவர். இவ்விருவருக்கும் நடுவில் நிற்பவரே இன்று நம் கவனத்திற்குரியவர். ஏனெனில் அவர் நம்மைப் போன்றவர். பிறர் கையை எதிர்பாராமல் பிழைக்க வேண்டுமென்று குதிரை வைத்து, அதன் உழைப்பால் சம்பாதித்துச் சாப்பிடுகிறவர். அவருக்கு அக்குதிரை வறுமையை மறைக்கும் திரையாக அமைவதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அக்குதிரைகளின் கழுத்துகளிலும் முதுகுகளிலும் அல்லாஹ்வுக்குள்ள ஹக்கை அவர் மறவாதிருக்க வேண்டும் என்பதே அது.

கழுத்திலுள்ள ஹக்கு ஜகாத்தா, வேறொன்றா என்பதை இமாம்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்குள் இப்போது நாம் புகவில்லை. வயிறார உணவும் நீரும் கொடுப்பதும், சவாரி செய்யும்போது இரக்கம் காட்டுவதும் இந்த ஹக்கில் அடங்கும் என்று விரிவுரையாளர் சிலர் எழுதியுள்ளனர். ஆனால் ஒரு முதுகுக்குரிய ஹக்கைச் செலுத்த வேண்டுமானால், அந்த முதுகைப் பற்றி முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? நிறுவையை அறியாதவன் நீதியாக நிறுக்க முடியாதல்லவா? ஆகவே இன்று சேணத்தைப் பற்றியே பேசப் போகிறோம். மிம்பரில் பேசும் விஷயமா இது என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

சேணம் என்றதும் சவாரிக்காரர் உட்காரும் இருக்கைதான் நம் நினைவுக்கு வரும். வண்டிக் குதிரைக்கும் ஒரு சேணம் உண்டு. அது சிறியது, அதில் எவரும் உட்காருவதில்லை. இரு சக்கர வண்டியில் குதிரையின் இருபுறமும் நீண்டு வருகின்ற ஏர்க்கால்களின் பாரத்தைத் தாங்குவதே அதன் வேலை. வண்டியை இழுக்கும் பாரம் கழுத்திலோ மார்பிலோ போட்ட பட்டைக்குப் போய்விடும். மேலிருந்து கீழே அமுக்கும் பாரம் மட்டும், முதுகின் குறுக்கே செல்லும் ஒரு வார் வழியாக இந்தச் சேணத்தின் மேல் வந்து இறங்கும்.

நம்மில் வயது முதிர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டு ரயிலடிகளில் வரிசையாக நின்ற ஜட்காக்கள் நினைவிருக்கும். ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர், “முன்பாரம் ஆகுதுங்க, கொஞ்சம் பின்னால தள்ளி உட்காருங்க” என்பார். சற்று நேரம் கழித்து, “பின்பாரம் தூக்குது, முன்னால வாங்க” என்பார். சிறு பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த மனிதர் குதிரைக்காகப் பேசிக் கொண்டிருந்தார். முன்பாரம் என்றால் ஏர்க்கால்கள் தாழ்ந்து முதுகை அமுக்கும். பின்பாரம் என்றால் ஏர்க்கால்கள் மேலெழும்பி, வயிற்றுக்கு அடியில் செல்லும் வாரை இழுத்து மூச்சை இறுக்கும். பள்ளத்தில் இறங்கும்போது முன்பாரமும், மேட்டில் ஏறும்போது பின்பாரமும் தாமாகவே வந்து சேரும்.

இனி அந்த முதுகைப் பாருங்கள். நடுவில் முதுகெலும்பு முகடுபோல் ஓடுகிறது. அதன் மேல் பாரத்தை ஏந்தத்தக்க சதை கிடையாது; தோலுக்கு அடியில் எலும்பு முனைகள்தாம். பாரத்தைத் தாங்கத் தக்கவை அதன் இருபக்கமும் உள்ள சதைத் திட்டுகளும் அவற்றின் கீழுள்ள விலா எலும்புகளுமே. எனவே நல்ல சேணத்துக்கு இரண்டு மெத்தைகள் உண்டு. நடுவில் ஒரு கால்வாய் உண்டு. பாரம் ஏறிய பிறகும், பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் அந்தக் கால்வாய் வழியாக முன்புறத்து வெளிச்சம் தெரிய வேண்டும்.

மெத்தைகளைப் பிரித்து நிறுத்துவதற்காகச் சேணத்தின் உள்ளே மரத்தாலோ இரும்பாலோ ஒரு வளைவுச் சட்டம் வைப்பது பழைய முறை. சட்டம் உறுதியானது, நெடுநாள் உழைக்கும். அதில்தான் துன்பமும் ஒளிந்திருக்கிறது. ஏனென்றால் முதுகு ஒரே மாதிரியாக இருப்பதில்லை. ஒரு குதிரைக்கு அது கூரை போலச் சரிந்திருக்கும். இன்னொன்றுக்குப் பீப்பாய் போல உருண்டிருக்கும். அதே குதிரை புல் செழித்த மாதத்தில் ஓர் அளவும், பஞ்ச மாதத்தில் ஓர் அளவுமாக இருக்கும். நடக்கும்போதோ, ஒவ்வோர் அடிக்கும் விலா ஒரு பக்கம் அசைகிறது, தோள் எலும்பு பின்னோக்கிச் சறுக்குகிறது. இரும்புச் சட்டம் இவற்றில் எதற்கும் இணங்காது. அகலம் குறைந்தால் மெத்தையின் கீழ்விளிம்பு சதையைக் கிள்ளும். அகலம் மிஞ்சினால் கால்வாயே இறங்கி எலும்பின் மேல் உட்காரும்.

அப்படியானால் சட்டத்தையே எடுத்துவிட்டு மெத்தையை மட்டும் வைத்தால் என்ன? அதுவும் ஆகாது. பாரம் ஏறியதும் மெத்தை துவண்டு, நடுவார் நேராக முதுகெலும்பின் மேல் படிந்துவிடும். கடினமும் கெடுதல், துவளுதலும் கெடுதல். இரண்டுக்கும் நடுவே வழி கண்டவர்களே நல்ல சேணக்காரர்கள். இரு மெத்தைகளையும் அகலமாகச் செய்து, அவற்றை மேலே கீல் போன்ற ஓர் இணைப்பால் அல்லது வளைந்து கொடுக்கும் தடித்த தோலால் சேர்க்கிறார்கள். குதிரை பருத்தால் மெத்தைகள் விரிகின்றன, மெலிந்தால் நெருங்குகின்றன, எனினும் முகட்டைத் தொடுவதில்லை. ஏர்க்கால்களைத் தாங்கும் வாரும் சேணத்தோடு சேர்த்துத் தைக்கப்படாமல், அதன் மேல் இங்குமங்கும் வழுக்கிச் செல்லுமாறு விடப்படுகிறது. சாலை ஒருபுறம் சாய்ந்தாலும் வண்டி திரும்பினாலும் இருபக்கப் பாரமும் தம்மைத் தாமே சமப்படுத்திக் கொள்ளும். தராசுக் கோலின் நியாயமே இங்கும்.

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்குச் சொன்னால் எளிதில் விளங்கும். 20 கிலோ பாரம், மொத்தம் 400 சதுர சென்டிமீட்டர் மெத்தையில் சீராகப் பரவினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 50 கிராம்தான். சேணம் பொருந்தாமல் விளிம்பில் 40 சதுர சென்டிமீட்டர் மட்டும் தொட்டுக் கொண்டிருந்தால் அதே பாரம் 500 கிராமாகிறது. வண்டியில் ஒரு மூட்டைகூட அதிகமாகவில்லை. ஆனால் அந்த இடத்துத் தோலுக்குப் பத்து மடங்கு சுமை. அமுக்கிய இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் செத்து, புண்ணாகிறது. புண் ஆறினாலும் அந்த இடத்தில் பெரும்பாலும் வெள்ளை மயிரே முளைக்கும். கருங்குதிரையின் முதுகில் இருபுறமும் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அழகென்று எண்ண வேண்டாம். பொருந்தாத சேணம் எழுதிவிட்டுப் போன கையெழுத்து அது.

இதில் மிகவும் வருந்தத்தக்க பழக்கம் ஒன்று. குதிரை செத்துப் போகிறது. சேணம் நல்ல நிலையில் இருக்கிறது. புதிதாக வாங்கும் குதிரைக்கு அதையே மாட்டுகிறார்கள். “முதல் போட்ட பொருள், வீணாக்கலாமா?” என்பது கேள்வி. சிக்கனம் நல்லதுதான். ஆனால் இந்தச் சிக்கனத்தின் செலவை யார் கொடுக்கிறார்கள்?

ஒருநாள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்தது. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று அப்போது எச்சரித்தார்கள். இந்தச் சம்பவத்தை நாம் அனைவரும் அறிவோம். நான் சொல்ல வருவது அந்தக் கையைப் பற்றி. மேலே பளபளவென்று மெருகேற்றிய தோல், பித்தளைக் குமிழ், சலங்கை. அடியில்? கையை விட்டுப் பார்க்காதவருக்குத் தெரியாது. வேலை முடிந்து சேணத்தைக் கழற்றியதும் வியர்வை எப்படிப் படிந்திருக்கிறதென்று பார்க்க வேண்டும். சீராக நனைந்திருந்தால் நல்லது. நடுவில் ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று சந்தேகிக்க வேண்டும். பின்பு விரல்களால் மெல்ல அழுத்திச் செல்ல வேண்டும். எங்கே தோல் துடிக்கிறதோ, எங்கே குதிரை முதுகைத் தாழ்த்தி விலகுகிறதோ, அங்கே அது பேசுகிறது.

ஒட்டகம் ஒன்று நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்த வரலாறு அபூதாவூதில் இருக்கிறது. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் அது நடந்தது. அதன் பிடரியைத் தடவி அமைதிப்படுத்தியபின், இது யாருடையது என்று கேட்டார்கள். உரிமையாளரான வாலிபர் முன்வந்தார். உன் கையில் அல்லாஹ் ஒப்படைத்த இப்பிராணி விஷயத்தில் அவனை நீ அஞ்ச வேண்டாமா, நீ இதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக இது என்னிடம் முறையிடுகிறதே என்ற கருத்தில் கண்டித்தார்கள். சஹாபாக்கள் இந்தப் பாடத்தை எப்படி ஏற்றார்கள் என்பதற்கு அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு சான்று. பயணத்தில் ஓரிடத்தில் தங்கினால், பிராணிகளின் மேலிருந்த சேணங்களை இறக்கும்வரை அவர்கள் நபில் தொழ மாட்டார்களாம். பிற்காலத்தில் கலீபா உமர் பின் அப்துல் அஜீஸ் அவர்கள், எகிப்தில் ஓர் ஒட்டகத்தின் மேல் ஆயிரம் ராத்தல் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அறுநூறுக்கு மேல் ஏற்றக் கூடாதென்று ஆளுநருக்குக் கடிதம் எழுதியதாக வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். ஓர் ஒட்டகத்தின் முதுகு அரசாங்கக் கடிதத்தில் இடம் பெற்ற காலம் அது!

நம் முன்னோர் வாழ்ந்த கரையிலும் குதிரையின் கதை ஒன்று உண்டு. அது பெருமைப்படத் தக்கதாக இல்லை. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. இந்தியத் துறைமுகங்கள் பலவற்றுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். ஒன்றின் விலை 220 பொன் தினார். கடலில் செத்துப்போன குதிரைக்கும் கஜானாவிலிருந்து பணம் உண்டு. இந்நாட்டில் இறங்கிய குதிரைகளை வெகுநாள் முளையில் கட்டிவைத்து, பிறகு பயிற்சியோ தகுந்த சவாரிச் சாதனங்களோ இல்லாமல் ஓட்டுவதால் அவை விரைவில் பயனற்றுப் போயின என்றும் அவரே சொல்கிறார். 1290களில் வந்த மார்க்கோ போலோ இன்னும் கடுமையாக எழுதினார். அரசர் வாங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். குதிரை வைத்தியர் எவரும் அங்கு போய்விடாதபடி வியாபாரிகளே பார்த்துக் கொண்டார்களாம். குதிரைகள் செத்தால்தானே மறுபடி விற்கலாம்!

வெளிநாட்டார் மிகைப்படுத்தியிருக்கலாம். அந்த வியாபாரிகள் ஹொர்முஸ், ஏடன் போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள், நம்மவரல்லர் என்றும் சொல்லலாம். ஆனாலும் அந்த வாசகம் நெஞ்சில் தைக்கிறது. ஓட்டியவன் அறியாமையால் கொன்றான். விற்றவனுக்கோ விஷயம் தெரியும்; தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அறிவை மறைத்து அடைந்த லாபம் எந்தக் கணக்கில் சேரும் என்பதைக் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் யோசித்துக் கொள்ளலாம்.

ஜட்கா நம் கண்ணிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயினும் குதிரையின் முதுகு ஓய்ந்துவிடவில்லை. நம்மில் பலர் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போகின்ற லொம்பொக்கிலும், அதையடுத்து, கார்கள் ஓடாத கிலித் தீவுகளிலும் சிடோமோ என்னும் குதிரை வண்டிகள் ஓடுகின்றன. இரண்டு சக்கரங்கள், சிறிய மட்டக் குதிரை, ஓட்டுபவர் பெரும்பாலும் நம் மார்க்கச் சகோதரர். வெயிலில் பெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக் கொண்டு ஓடும் அந்தக் குதிரையின் கூலியில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. அவரைத் திட்டிவிட்டு வருவது சுலபம். ஆனால் இருவர் போகவேண்டிய வண்டியில் ஐவரை ஏற்றச் சொல்லி வாடகையையும் பேரம் பேசிக் குறைத்தது யார்?

1934இல் டாரதி புரூக் என்ற ஆங்கில மாது, போர் முடிந்து கெய்ரோவில் விடப்பட்டுத் தேய்ந்து போன குதிரைகளுக்காக அங்கே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அவர் பெயரால் இன்றும் பணி நடக்கிறது. முஸ்லிம்கள் வாழும் ஊரில், முஸ்லிம்களின் குதிரைகளுக்கு! நம் ஸதகாக்களில் கிணறு உண்டு, கஞ்சி உண்டு, பாய் விரிப்பு உண்டு. சேணத்துக்கும் ஓர் இடம் கொடுத்தால் என்ன?

கொடுக்க விரும்புவோர் கான்பூரிலிருந்து ஒரே அளவில் நூறு சேணம் தருவித்து அனுப்பிவிட வேண்டாம். முன் சொன்ன தவறே மறுபடி நேரும். அந்த ஊர்ச் சேணக்காரரிடம் ஒவ்வொரு குதிரையாக அளவெடுக்கச் சொல்லுங்கள். குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்தி, தோள் எலும்புக்குச் சற்றுப் பின்னால் முதுகின் குறுக்கே ஈயக் கம்பி போன்று வளைந்து நிற்கும் ஒரு கம்பியை வைத்து அமுக்கினால், முதுகின் உருவம் அதில் பதியும். கலையாமல் எடுத்து அட்டையில் கோடு கிழித்து, வெட்டி, மறுபடி முதுகில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அட்டையின் மேல் குதிரையின் பெயரையும் தேதியையும் எழுதி வைக்கட்டும். மாதங்கள் சில கழிந்து குதிரை பருத்தோ மெலிந்தோ இருந்தால், அந்த அட்டையை மறுபடி முதுகில் வைத்துப் பார்த்து மெத்தைக் கம்பளியைக் கூட்டிக் குறைக்கலாம். அந்த இரண்டாவது வேலைக்கான கூலியையும் இப்போதே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் அது நடக்காது.