பசியோடு வந்தவன்

பதினேழு வயதில் ஒரு வாலிபர் முகாமில் நான் அழுதேன். கடைசி நாள் இரவு. கீபோர்டில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. விளக்கைக் குறைத்திருந்தார்கள். சுற்றிலும் நூறு பேர் கைகளை உயர்த்தி நின்றார்கள். கண்ணீர் தானாக வந்தது, பொய் அழுகை இல்லை. ஆனால் நடுவில் ஒரு நொடி கண்ணைத் திறந்து, பாஸ்டர் என்னைப் பார்க்கிறாரா என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதேன்.

அன்று இரவு பக்கத்துப் பாயில் படுத்திருந்த நண்பன் கேட்டான்: “டேய், நிஜமாவே அழுதியா?” “ஆமாடா” என்றேன். ‘இல்லடா’ என்று சொல்லியிருந்தாலும் அது பொய்யாகியிருக்காது. கடவுளைத் தேடுகிறேன் என்று சொல்லும்போது உண்மையில் எதைத் தேடுகிறேன்? அவரையா, அவர் தரும் சுகத்தையா, தேடுகிறவன் என்கிற பேரையா?

இந்தச் சந்தேகத்தை நாத்திகர்கள்தான் கிளப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இதை ஈவிரக்கமில்லாமல் கேட்டவர்கள் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் கார்மெல் சபைத் துறவி சிலுவையின் யோவான் அவர்களில் ஒருவர். ‘இருண்ட இரவு’ நூலின் முதல் பகுதியில், தலையான பாவங்கள் ஏழையும் எடுத்துக்கொண்டு, அவை பக்தியின் வேஷத்தில் எப்படி வருகின்றன என்று காட்டுகிறார். ஜெபத்தில் கிடைக்கும் இனிப்புக்காகவே ஜெபிப்பது பெருந்தீனி. ஜெபமாலைகளையும் புத்தகங்களையும் சேர்த்துக்கொண்டே போவது பேராசை. அடுத்தவனின் பக்தியை யாராவது பாராட்டினால் நம் முகம் சுருங்குகிறதே, அது பொறாமை.

இதற்கு என்ன மருந்து? பால் மறக்கடிக்கும் தாயைப் போல, கடவுள் மார்பில் கசப்பைத் தடவிக் குழந்தையைக் கீழே இறக்கிவிடுகிறார் என்கிறார் யோவான். நம் ஊரில் வேப்பெண்ணெய் தடவுவார்களே, அதே காரியம். குழந்தைக்கு வேண்டியது பாலா, அம்மாவா என்பது அப்போதுதான் தெரிய ஆரம்பிக்கும். சொகுசாக உட்கார்ந்து இதை எழுதிய ஆள் இல்லை அவர். 1577 டிசம்பரில், சீர்திருத்தத்தை எதிர்த்த அவருடைய சொந்தச் சபைத் துறவிகளே அவரைப் பிடித்து, டொலேடோவில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். 1578 ஆகஸ்டில் தப்பிக்கும்வரை அங்கேதான் கிடந்தார்.

சரி, இனிப்புக்கு ஆசைப்படக் கூடாது. மோட்சத்துக்கு ஆசைப்படலாமா? நரகத்துக்குப் பயந்து மனம் திரும்பலாமா? இந்தக் கேள்வியில் பிரான்ஸின் இரண்டு பெரிய ஆயர்கள் மோதிக்கொண்டார்கள். பலனும் பயமும் கலக்காத தூய அன்பு என்று ஒரு நிலை உண்டு என, காம்பிரே பேராயர் ஃபெனலோன் 1697இல் ஒரு நூலில் வாதிட்டார். போஸ்யுவே கடுமையாக எதிர்த்தார். நீண்ட இழுபறிக்குப் பின் 1699இல் போப் பன்னிரண்டாம் இன்னொசென்ட் அந்த நூலிலிருந்து 23 கூற்றுகளைக் கண்டித்தார். ஃபெனலோன் பணிந்தார்.

முதலில் படித்தபோது என் மனசு ஃபெனலோன் பக்கம்தான் போனது. பலன் எதிர்பாராத அன்புதானே உசத்தி? அந்த உசத்தியை எனக்குள் தேட ஆரம்பித்தபோதுதான் சிக்கல் புரிந்தது. என் நோக்கம் சுத்தமா, சுத்தமா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டிருந்தால் கடவுளைப் பார்க்க நேரம் ஏது? முகாமில் பாஸ்டர் என்னைக் கவனித்தார். இப்போது அவருடைய இடத்தில் நானே உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் கதையை இந்தக் கேள்வியோடு மறுபடி படித்துப் பாருங்கள். அவன் ஏன் வீட்டுக்குத் திரும்புகிறான்? அப்பாமேல் பாசம் பொங்கியா? பசி. பன்றிக்குப் போடும் தவிடுகூடக் கிடைக்கவில்லை. அப்பா வீட்டு வேலைக்காரனுக்கே சாப்பாடு மிச்சப்படுகிறதே என்பதுதான் அவனுக்கு முதலில் தோன்றுகிறது. என்ன பேசுவது என்று ஒத்திகையும் பார்த்துக்கொள்கிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்பட லாயக்கில்லை, கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும். தகப்பனோ தூரத்திலேயே கண்டு ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். ‘ஏண்டா வந்த?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூலிக்காரன் வசனத்தைச் சொல்ல மகனுக்கு இடமே கிடைப்பதில்லை.

நோக்கம் அம்பலமாவது மூத்தவனுக்குத்தான். இத்தனை வருஷம் வீட்டிலேயே இருந்து, சொன்ன பேச்சைத் தட்டாமல் உழைத்தவன். விருந்துச் சத்தம் கேட்டதும் அவனுடைய கணக்கு வெளியே வருகிறது: சிநேகிதரோடு கொண்டாட எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தந்ததில்லையே! வீட்டுக்குள்ளேயே கூலிக்காரனாக இருந்தவன் அவன்தான். கடைசியில் அவன் உள்ளே போனானா என்று சொல்லாமலே இயேசு கதையை நிறுத்திவிடுகிறார்.

அதனால், எதற்காக வந்தேன் என்பது முதல் கேள்விதான், முடிவான கேள்வி இல்லை என்று இப்போது நினைக்கிறேன். பசி, பயம், தனிமை, பேராசை, ஏதோ ஒன்று தள்ளித்தான் நாம் வாசல்வரை வருகிறோம். காணிக்கை போட்டால் நூறு மடங்கு என்று மேடையில் சொல்வதை இது நியாயப்படுத்தாது. பசித்தவனுக்குச் சோறு போடுவது வேறு, பசியை வைத்து வியாபாரம் பண்ணுவது வேறு. சாப்பிட்டு முடித்த பிறகும் அந்த வீட்டில் இருக்கத் தோன்றுகிறதா? யோவானின் கசப்பு கேட்பதும் இதைத்தான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பல வருஷங்களுக்குப் பிறகு, ஆலயத்தில் போய்த் தனியாக உட்கார்ந்தேன். பாட்டு இல்லை. அழுகையும் வரவில்லை. ஏன் வந்தேன் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் அம்மாவின் பயாப்ஸி ரிசல்ட். அவ்வளவுதான் காரணம். முன்பு ஒருமுறை அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் இப்படித்தான் வந்தேன். அவர் குணமானதும் மூன்றே வாரத்தில் ஜெபம் நின்றுபோனது. அது ஞாபகம் வந்தபோது எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. அம்மாவைக் காப்பாற்றும் என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. அதற்குப் பிறகு நான்கு செவ்வாய்க்கிழமைகள் ஆகிவிட்டன. இரண்டில் போனேன்.