எண்ணாமல் எழுதிய எண்

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதன் சிறப்பை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் நோயாளியைச் சந்திப்பது வேறு. அவரைக் கவனித்துப் பார்ப்பது வேறு. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் செவிலியர் படிப்புக்குச் செல்கின்றனர். அவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுவது இந்தக் கவனிப்புத்தான். உடற்சூடு, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து நோயாளியின் அட்டையில் எழுத வேண்டும்.

இவற்றுள் மூச்சை எண்ணுவதற்குக் கைக்கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். ஓய்வாயிருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும். ஆகவே, நாடி பார்த்த கையை விடாமலே மார்பு ஏறி இறங்குவதை எண்ணும்படி மாணவருக்குச் சொல்லித் தருகிறார்கள். இத்தனை எளிய வேலையாயிருந்தும், 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்' என்று, எண்ணாமலேயே 18 அல்லது 20 என எழுதிவிடும் வழக்கம் பல நாட்டு மருத்துவமனைகளிலும் உண்டு.

இது பொய்யாகுமா? யாரையும் ஏமாற்றும் நிய்யத் இல்லையே, எண்ணியிருந்தாலும் ஏறக்குறைய அதுதானே வந்திருக்கும் என்று சிலர் கேட்கலாம்.

அட்டையில் எழுதும் எண் வெறும் எண்ணன்று; 'நான் எண்ணிப் பார்த்தேன்' என்ற சாட்சியம் அது. எண் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டாலும் சாட்சியம் பொய்யே. அறியாததைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவி, பார்வை, உள்ளம் அனைத்தும் விசாரிக்கப்படும் என்றும் திருமறையின் 17ஆம் அத்தியாயம் நம்மை எச்சரிக்கவில்லையா?

அந்தச் சாட்சியத்தை நம்பித்தான் மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள். நோய் முற்றுவதை மூச்சின் வேகம் பல வேளைகளில் முன்கூட்டியே காட்டிவிடும். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்ட எச்சரிக்கை அட்டவணையில், பெரியவருக்கு மூச்சு 25ஐ எட்டினாலே அந்த வரிசையில் மிக உயர்ந்த அபாய மதிப்பெண் இடப்படுகிறது. 26 இருக்கவேண்டிய இடத்தில் 18 என்றிருந்தால், இரவுப்பணி மருத்துவர் நிம்மதியாக அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். படுக்கையில் கிடப்பவருக்கோ, தம் பெயரால் என்ன எழுதப்பட்டது என்பதே தெரியாது. இதைவிடப் பெரிய அமானிதம் உண்டா?

முப்பது பேருக்கு ஒரே செவிலியர் என்றால் என்ன செய்வது? நியாயமான கேள்விதான். அத்தகைய சுமையை ஏற்றியவர்களும் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 'பார்க்க இயலவில்லை' என்று எழுதுவதில் இழிவில்லை. வெற்றிடம், மற்றவரை வந்து பார்க்கச் செய்யும். பொய் எண்ணோ அவரை வரவிடாமல் தடுத்துவிடும்.

ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், காயமுற்றோரைக் கவனித்துவந்த ருஃபைதா (ரலி) அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடந்து செல்லும்போது மாலையிலும் நலம் கேட்டார்கள். காலையிலும் நலம் கேட்டார்கள். மாலையில் கிடைத்த பதிலைக் காலைக்குப் போதுமென்று வைத்துக்கொள்ளவில்லை.

இது மருத்துவமனைக்கு மட்டுமுரிய பாடமன்று. குழந்தைக்கு இருமலும் காய்ச்சலும் கண்டால், அது அழாமல் இருக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40க்குக் குறையாமலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50க்குக் குறையாமலும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். 'எத்தனை முறை வாந்தி எடுத்தது, எப்போது சிறுநீர் கழித்தது?' என்று மருத்துவர் கேட்கும்போது, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். அதுவும் நோயாளிக்குச் செய்யும் பணிவிடையே.

கண்டதைக் கண்டபடி சொல்லும் நாவையும், எண்ணியதை மட்டுமே எழுதும் கரத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.