வீணைக்குத் தலை எதற்கு

தஞ்சாவூர் வீணையின் ஒரு முனையில் பலாமரத்தில் குடைந்த குடம். மறுமுனையில் கீழ்நோக்கி வளைந்த யாளி முகம். பிதுங்கிய கண், விரிந்த வாய், வரிசைப் பற்கள் என்று அந்த முகத்துக்குத் தச்சர் செலுத்தும் உழைப்பு கொஞ்சமல்ல. ஏகாந்த வீணையில் குடம், தண்டி, யாளி மூன்றும் ஒரே மரத்தில் உருவாகின்றன. ஒட்டு வீணையில் தனித்தனியே செய்து பொருத்துகிறார்கள். நான்கு வாசிப்புத் தந்திகளையும் முறுக்கும் பிரடைகள் யாளிக்கு முன்பே நின்றுவிடுகின்றன. தாளத்துக்கான மூன்று தந்திகளின் பிரடைகளோ தண்டியின் பக்கவாட்டில் உள்ளன. எந்தத் தந்தியும் யாளியைத் தொடுவதில்லை. சுருதி சேர்ப்பதற்கும் அது தேவையில்லை. இருந்தும் யாளி இல்லாத தஞ்சாவூர் வீணை கண்ணுக்கு முடிவு பெறாததாகவே படுகிறது. நாதத்துக்கு உதவாத ஓர் உறுப்பு கருவியின் இயல்பில் சேருமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. இந்தியச் சிந்தனையில் இதற்குப் பழைய விடைகள் இரண்டு உண்டு.

முதல் விடை ஐதரேய ஆரண்யகத்தில் இருக்கிறது. அதன்படி வீணைகள் இரண்டு: தேவர்கள் செய்த வீணை மனித உடல், மனிதர்கள் செய்த மரவீணை அதைப் பார்த்துச் செய்த நகல். உடலுக்குத் தலை இருப்பதால் வீணைக்கும் தலை. வயிற்றுக்கு ஈடாகக் குடைந்த பகுதி, விரல்களுக்கு ஈடாகத் தந்திகள் என்று ஒப்புமை நீள்கிறது. உடலை மயிர் படர்ந்த தோல் மூடியிருப்பதுபோல் வீணையையும் அத்தகைய தோலால் போர்த்தினார்கள் என்றுகூட அந்நூல் சொல்கிறது. அன்றைய வீணை வில் போன்ற வளைந்த கருவி, இன்றைய மெட்டு வீணை அன்று. ஆனாலும் எண்ணம் தெளிவு: ஒலிக்கிறதோ இல்லையோ, உடல் என்றால் தலை வேண்டும்.

இரண்டாவது விடை பௌத்தத்தினுடையது. சங்யுத்த நிகாயத்தில் ஓர் உவமைக் கதை வருகிறது. வீணை ஓசையை முதன்முதலாகக் கேட்டு மயங்கிய அரசன், அந்த ஓசையைக் கொண்டுவரச் சொல்கிறான். வீணையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வீணை வேண்டாம், ஓசைதான் வேண்டும் என்கிறான். குடம், தோல், தண்டி, தந்தி, மீட்டுகோல், வாசிப்பவரின் முயற்சி எல்லாம் கூடினால்தான் ஓசை பிறக்கும் என்று விளக்கியும் அவன் கேட்கவில்லை. வீணையைப் பத்தாக, நூறாகப் பிளந்து, சிராய்களை எரித்து, சாம்பலைக் காற்றில் தூற்றிவிடுகிறான். ஓசை அகப்படவில்லை. உடல், உணர்வு, அறிவு என்று பிரித்துத் தேடும் துறவிக்கு ‘நான்’ என்பதும் அப்படியே அகப்படாது என்று புத்தர் முடிக்கிறார். இந்தப் பார்வையில் தலைக்குத் தனிச் சிறப்பு இல்லை. குடத்துக்கும் இல்லை.

தலையை மாற்றினால், அல்லது வெட்டியே விட்டால் கருவி என்ன ஆகும் என்பதைக் கடந்த எழுபது ஆண்டுகளில் மேற்கில் செய்தே பார்த்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் என்ற தாழ்சுர மின்கிதாரில் தலை ஒடுங்கியிருந்தது. நான்கு முறுக்காணிகளும் ஒரே பக்கம் வரிசையாக நின்றதால் தந்திகள் வளையாமல் நேராகச் சென்றன. 1957இல் அந்தத் தலையை, ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரின் சாயலில் அகலமாக மாற்றினார்கள். ஜெர்மனியின் ஹாஃப்னர், வயலின் வடிவ பேஸில் பக்கத்துக்கு இரண்டு ஆணி வைத்தது. 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் மேலே மூன்று, கீழே ஒன்று. அரங்கின் கடைசி வரிசையிலிருந்தும் தலையின் கோட்டைப் பார்த்தே எந்த நிறுவனத்தின் கருவி என்று ரசிகர் சொல்லும் நிலை வந்தது. 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையையே நீக்கி, முறுக்காணிகளை உடலின் அடிமுனைக்குக் கொண்டுபோனார். கார்பன் இழை சேர்ந்த அந்தக் கருவியில் பேஸின் ஒலி குறைவின்றி வந்தது.

இதிலிருந்து தலை வெறும் அலங்காரம் என்று முடிவுகட்டுவது அவசரம். தலையின் எடை கழுத்தின் அதிர்வில் கலக்கிறது. சில மின்பேஸ்களில் குறிப்பிட்ட மெட்டில் சுரம் விரைவில் அடங்கிவிடும். தலையில் சிறு எடையைக் கவ்வவைத்தால் அந்த இடம் நகரும். வீணையும் மரம்தான். யாளியின் எடை தண்டியின் முனையில் தொங்கும்போது அதிர்வில் அதற்குப் பங்கே இல்லை என்று இயற்பியல் சொல்லாது. ஆனால் அந்தப் பங்கை ஒரு மரக்கட்டையும் செய்யும். முகம் எதற்கு என்ற கேள்வி தீரவில்லை.

வழிபாட்டுக்காக என்பது பலர் சொல்லும் விடை. சரஸ்வதி பூஜையன்று வீணைக்குச் சந்தனம், குங்குமம் இட்டு வணங்குகிறார்கள். கேரளத்தில் இதற்குப் பூஜவெய்ப்பு என்று பெயர். அங்கே வைத்த நூலையும் கருவியையும் விஜயதசமிக் காலைவரை எடுப்பதில்லை. ஆனால் அதே மேடையில் அரிவாளும் புத்தகமும் முகமில்லாமலே பொட்டு ஏற்கின்றன. சைவமும் முகமில்லாத இலிங்கத்தை அருவுருவம் என்று போற்றுகிறது. ஆகவே வணங்குவதற்கு முகம் கட்டாயம் என்ற வாதம் நிற்காது.

எஞ்சுவது ஐதரேயத்தின் விடைதான், சிறு திருத்தத்துடன். ஓசை எங்கே இருக்கிறது என்று தேடுபவருக்குப் பௌத்தக் கதையை மிஞ்சிய பதில் கிடையாது. யாளி அந்தக் கேள்விக்கு விடையாகச் செதுக்கப்படவில்லை. மடியருகே கிடத்தி வாசிக்கும் பொருளைத் தச்சரும் வைணிகரும் ஓர் உடலாகவே கருதுகிறார்கள். அந்தக் கருத்தைத்தான் முகம் வெளிப்படுத்துகிறது. ஒட்டு வீணையில் யாளி உடைந்து வேறொன்று பொருத்தினாலும் நாதம் பழையபடி வரும், வீணையும் அதே வீணைதான். குடம் மாறினால் நாதமே வேறு. தலை போனாலும் பேஸ் பேஸாகவே இருந்ததும் இதனால்தான். ஒலிக்கும் வகையில் குடம் முதன்மை. உறவு கொள்ளும் வகையில் முகம் முதன்மை. 2013இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது. அதற்குப் பிறகும் தச்சர்கள் பலாமரத்தில் யாளியின் பற்களை ஒவ்வொன்றாக உளியால் செதுக்கி வருகிறார்கள்.