முதலாளித்துவம் என்பது பேராசை மட்டுமா?

வேட்கையே துக்கத்தின் காரணம் என்பது பகவான் புத்தர் அருளிய உண்மை. இதனைக் கொண்டு, "முதலாளித்துவம் பேராசையன்றி வேறில்லை, ஆசையை விட்டால் அதுவும் ஒழியும்" என்பார் நம்முள் உளர். ஆலையில் யான் உழைத்த நாளில், கூலி குறைந்தவனிடமே 'ஆசையை அடக்கு' என்று உபதேசிக்கக் கேட்டதுண்டு. ஆதலின் இக்கூற்றினை ஆராய்தல் நம் கடமையாகும்.

1867-ல் 'மூலதனம்' முதற்பாகத்தை வெளியிட்ட காரல் மார்க்ஸ், முதலாளியின் தனிக்குணத்தை முதற்காரணமாகக் கொண்டாரில்லை. உற்பத்திச் சாதனங்கள் சிலர் கையிலிருக்க, ஏனையோர் தம் உழைப்புச் சக்தியை விற்றே வாழவேண்டிய நிலையிற்றான் சுரண்டல் பிறக்கிறது என்றார். நல்ல முதலாளியையும் போட்டி நெருக்கும்.

மாக்ஸ் வெபர் 1904-05-ல், பொருளாசை எக்காலத்தும் உள்ளதே என்றார். இலாபத்தைக் கணக்கிட்டு ஓயாது பெருக்குவதே கடமையெனக் கொள்ளும் மனப்பான்மைதான் புதியது. அதற்குப் புராட்டஸ்டண்டுச் சமயப் பிரிவுகள் சில துணைபுரிந்தன என்பது அவர் கருத்து. அவர் ஓர் உதாரணம் காட்டுவார். ஓரளவு நிலத்தில் கதிரறுக்க ஒரு மார்க் கூலியென, நாளொன்றுக்கு இரண்டரை அளவு அறுத்தான் ஒருவன். கூலியை ஒன்றேகால் மார்க்காக உயர்த்தியதும் இரண்டு அளவே அறுத்தான். பழகிய இரண்டரை மார்க் அவனுக்குப் போதுமாயிருந்தது. மேலும் மேலும் ஈட்டுதல் மனிதனுக்குப் பிறவிக்குணமன்று என்பது இதனால் விளங்கும்.

எமிலி துர்கைம் 1893-ல், தொழிற்பிரிவினை மக்களைப் பிணைக்கும். ஆனால் தகுதியை நோக்காது பிறப்பினால் சுமத்தப்படுமாயின் பிணக்கையே விளைக்கும் என்றார். சாதியின் கொடுமையறிந்த நமக்கு இதற்கு விளக்கமும் வேண்டுமோ? 1897-ல் அவரே, சமுதாயம் வரம்பிடாவிடில் மனித ஆசைக்கு எல்லையில்லை என்றும் எழுதினார்.

மூவரும் பலவற்றில் மாறுபடுவர். ஆயினும், தனியொருவன் ஆசையைத் துறப்பதால் மட்டும் அமைப்பு மாறாது என்பது மூவர் கூற்றிலிருந்தும் பெறப்படும்.

பகவானும் இதனை அறியாதவரல்லர். கூடதந்த சூத்திரத்திலே, கள்வர் மலிந்த நாட்டு மன்னனுக்குப் புரோகிதர் கூறும் வழி யாது? தண்டனையன்று, உழவனுக்கு விதை, வணிகனுக்கு முதல், பணியாளனுக்கு ஊதியம். சிகாலோவாத சூத்திரமோ, வலிமைக்கேற்ற வேலை, உணவு, ஊதியம், நோயிற் பராமரிப்பு, ஓய்வு ஆகியவற்றை எசமானனின் கடமையாக வைக்கிறது.

1956 நவம்பரில் காட்மாண்டில் பாபாசாகேப் அம்பேத்கர், புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டு, வன்முறையும் சர்வாதிகாரமும் நம் வழியல்ல என்றார். வேட்கை ஒழியாது உடைமை மட்டும் கைமாறினால், புதிய எசமானரே தோன்றுவர்.

அன்பர்களே! நியாயக்கூலி கேட்பது வேட்கையன்று. அது பசியின் குரல். 'ஆசையை அடக்கு' என்னும் உபதேசம் முதலில் மிகுதியாக உடையவனிடம் செல்லட்டும். பின்னர் நாமும் நம் நெஞ்சைச் சோதிப்போம்.